மச்சாள் வீட்டுக்குப் போகாத ஒன்பது மணித்தியாலம்

நான் பாரிஸுக்கு மூன்று தரம் போயிருக்கிறேன். அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தை ஒரே ஒரு தரம் கண்டேன், மீன் வாங்கப் போகிற வழியில், காரின் பின்கண்ணாடியால். லண்டனில் எட்டு நாள் நின்று எட்டு வீட்டில் சாப்பிட்டேன். ரொறன்ரோவில் நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு வான் வண்டியில் பதினொரு பேர், புளிச்சாதம், கட்லட், பெரிய பிளாஸ்க்கில் தேத்தண்ணி. பின் சீற்றில் இருந்த குழந்தை சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுத்ததால் அருவியடியில் இருபது நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம். சூரிச்சில் ஒரு ஏரி இருக்கிறதாம், நான் காணவில்லை. ஆனால் அங்கே என் ஒன்றுவிட்ட அண்ணர் வீட்டு சோபாவின் நிறம் தெரியும், அவருடைய மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டு வீடியோ தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் தெரியும்.

இது என் ஒருத்தியின் குறை இல்லை. எங்கள் சனம் உலகம் முழுதும் சிதறிக் கிடக்கிறது, அதனால் எங்களுக்கு எந்த நாட்டிலும் ஹோட்டல் தேவையில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். உண்மைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு நகரத்தில் உறவுக்காரர் இருந்தால், அங்கே கால் வைத்தவர் அந்த வீட்டை எட்டிப் பார்க்காமல் போகக்கூடாது. எட்டிப் பார்த்தால் சாப்பிடாமல் போகக்கூடாது. ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற வீட்டிலும் சாப்பிட வேண்டும். தேத்தண்ணி மட்டும் போதும் என்று கெஞ்சினால் ரோல்ஸ், வடை, கேக், வாழைப்பழம், அதற்குப் பிறகு தேத்தண்ணி வரும். விமானம் மாறுகிற இடைவெளியில்கூடச் சோற்றுப் பார்சலோடு விமான நிலைய வாசலில் வந்து நிற்கிற ஆட்களை எனக்குத் தெரியும். அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்புதான், ஆனால் மூச்சு விட இடம் தராத அன்பு.

போன வருடம் என் தங்கையின் மகளுக்கு நோர்வேயில், பேர்கன் நகரத்தில் கலியாணம். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, ஆகவே மெல்பனிலிருந்து நான் தனியாகப் போவதென்று முடிவாயிற்று. மல்கிரேவில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் மகள் மடிக்கணினியை வைத்துக்கொண்டு டிக்கெட் தேடினாள். கடைசியில் ஒன்று அகப்பட்டது, ஆனால் ஒஸ்லோவில் ஒன்பது மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு நெஞ்சு ஒரு தரம் துள்ளியது. அதையே எடு என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எடுத்தாள்.

ஏன் துள்ளியது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலை தொடக்கம் பின்னேரம் வரைக்கும் வருகிறவர்களின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதுதான் வேலை. நின்று நின்று ஐம்பத்திரண்டு வயதில் முழங்கால் தேய்ந்துபோனது. வைத்தியர் தண்ணீருக்குள் நடக்கச் சொன்னார். என்னோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி, டார்னெய்ட்டிலிருந்து நகரத்தைக் குறுக்கறுத்துத் தினமும் வருகிறவள், என்னை இழுத்துக்கொண்டுபோய் நீச்சல் உடுப்பு வாங்கித் தந்தாள். கணுக்கால் வரைக்கும் காற்சட்டை, மணிக்கட்டு வரைக்கும் சட்டை, எல்லாம் கறுப்பு. முதல் ஆறு மாதம் எங்கள் பகுதி நீச்சல் தடாகத்தின் ஆழமில்லாத பக்கத்தில் எருமை மாதிரி நடந்தேன். பிறகு ஒரு நாள் காலைத் தூக்கிப் பார்த்தேன். மூழ்கினேன், இருமினேன், மறுபடி தூக்கினேன். ஐம்பத்தாறு வயதில் இருபத்தைந்து மீற்றர் நீளத்தை நிற்காமல் பத்துத் தரம் போய்வருகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் எனக்குக் கடலில் நீந்த வேண்டும். தனியாக, ஒருத்தரும் கரையில் நின்று கூப்பிடாமல். மெல்பனில் கடல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. முப்பது வருடமாகப் போகிறேன், போனதெல்லாம் பிரியாணிச் சட்டியோடு. ஆண்கள் இறைச்சி சுடுவார்கள், பிள்ளைகள் தண்ணீரில் விழுவார்கள், நான் பாயில் இருந்து எல்லாருடைய கைப்பைக்கும் காவல் இருப்பேன். ஒரு தடவை துணிந்து தனியே காரை எடுத்துக்கொண்டு போனேன். உடுப்பு மாற்றிவிட்டு மணலில் நாலு அடி வைக்கவில்லை, கோயில் நிர்வாகத்தில் இருக்கிற அங்கிளும் அன்ரியும் நாயோடு நடந்து வந்தார்கள். அன்ரி என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்டார். நான் துவாயைப் போர்த்திக்கொண்டு காருக்குத் திரும்பிவிட்டேன். ஒரு மயிர்கூட நனையவில்லை. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வரும்.

ஆகவே ஒஸ்லோவைப் பற்றி வாசித்தேன். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு இருபது நிமிஷ ரயில். ரயிலடியிலிருந்து நடந்தால் துறைமுகம். அங்கிருந்து சின்னப் படகு. ஏறினால் பத்து நிமிஷத்தில் ஒரு தீவு. தீவைச் சுற்றிப் பாறையும் கடலும், ஜூன் மாதம் சனம் அதில் குளிக்கும். என்னை ஒருத்தருக்கும் தெரியாத ஊர். ஒரு கடுதாசியில் நேரம் நேரமாக எழுதிக் கைப்பையில் வைத்தேன்.

ஒருத்தருக்கும் தெரியாத ஊர் என்றது பொய். ஒஸ்லோவில் மச்சாள் இருக்கிறார்.

மச்சாள் என்றால் என் கணவரின் மூத்த அக்கா. முப்பத்தொரு வருடமாக அந்த நகரத்தின் ஓரத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். என் மாமி, அவர்களுடைய தாய், இறந்தபோது கணவருக்கு ஏழு வயது. பிறகு அவரை வளர்த்தது இந்த அக்காதான். என் மகள் பிறந்தபோது ஒஸ்லோவிலிருந்து மெல்பனுக்கு வந்து மூன்று மாதம் நின்று எனக்குப் பிரசவ மருந்துச் சரக்குக் காய்ச்சித் தந்தார், பிள்ளையைத் தன் நீட்டிய காலில் போட்டுக் குளிப்பாட்டினார், இரவு பகலாக என்னைப் படுக்க வைத்துத் தான் விழித்திருந்தார். கெட்ட மனிசியாக இருந்திருந்தால் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை. கெட்டவருக்கு முகத்தை முறித்துச் சொல்லிவிடலாம். மச்சாள் நல்லவர், அதுதான் என் கஷ்டம்.

கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"இஞ்சாரும், நீர் ஒஸ்லோவில இறங்கிப்போட்டு அக்கா வீட்டை போகாமல் போனால் அவ அதைச் செத்தாலும் மறக்கமாட்டா" என்றார்.

மச்சாளும் கலியாணத்துக்குப் பேர்கனுக்கு வரத்தானே போகிறார், இரண்டு நாளில் காணத்தானே போகிறேன் என்றேன். கலியாண வீட்டில் காண்பதும் வீட்டுக்குப் போவதும் ஒன்றா என்று கேட்டார். அதுவும் சரிதான், இரண்டும் ஒன்றில்லை என்பது எங்களில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். மச்சாள் விமான நிலையத்துக்கு வருவார். வீட்டுக்குப் போய்க் கால் முகம் கழுவிச் சாப்பிட இரண்டு மணித்தியாலம். பக்கத்தில் சித்தப்பாவின் மகன் வீடு, அங்கே ரோல்ஸ். இன்னொரு வீட்டில் போட்டோ அல்பம். எனக்குக் களைப்பாக இருக்கும் என்று சொல்லி ஒரு அறையில் படுக்க வைப்பார்கள். எழும்பினால் தேத்தண்ணி, பிறகு விமான நிலையம். கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால் காரில் போகும்போது கையால் காட்டுவார்கள். அவரும் அந்தப் பாரிஸ் மீன் காரில் இருந்தவர்தான். கடைசியில், சொல்லாமல் போம், பிடிபட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழும்பிப் போய்விட்டார்.

வேலையில் அந்த டார்னெய்ட் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஊசிப் பெட்டியை அடுக்கிக்கொண்டே, "இதுக்கு யாரைக் கேக்கணும் அக்கா? போயிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு ஒஸ்லோவில் மச்சாள் இல்லை. அவள் சொல்லுவாள்.

பயணச் செய்தி பரவியதும் பார்சல்கள் வரத் தொடங்கின. தங்கைக்குக் கொண்டுபோக வறுத்து இடித்த மிளகாய்த்தூள், கலியாணப் பெண்ணுக்கு இரண்டு சேலை, எல்லாம் சரி. ஒரு அன்ரி ஒஸ்லோவில் இருக்கிற தன் மகனுக்கு முறுக்கும் ஊறுகாயும் கொண்டுவந்தார். ஒன்று வாங்கினால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ட்ரான்சிட்தான் அன்ரி, வெளியில் விடமாட்டார்கள் என்று சொன்னேன். ஒன்பது மணித்தியாலமும் உள்ளேயேயா, பாவம் பிள்ளை என்று சொல்லி அந்த முறுக்கை எனக்கே சாப்பிடத் தந்துவிட்டுப் போனார். மச்சாளுக்கும் அதே பொய்யைத்தான் போனில் சொன்னேன். அவர் மூன்று தரம் கேட்டார். வாசலுக்காவது வந்து பார்க்க விடமாட்டார்களா என்றார். விடமாட்டார்கள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஒஸ்லோ விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி ஒரு இளம் பெண். எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டாள். பேர்கனில் கலியாணம் என்றேன். அதுவரைக்கும் எங்கே இருப்பேன் என்றாள். ஊர் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். முப்பது வருடப் பயணத்தில் அந்தக் கேள்விக்கு நான் அப்படிப் பதில் சொன்னது அதுதான் முதல் தரம். அவள் கடவுச்சீட்டில் முத்திரை குத்தி, நல்ல வெயில் நாள் என்றாள். பெட்டியை லொக்கரில் போட்டுப் பூட்டிவிட்டு, ஒரு தோள்பையோடு ரயில் ஏறினேன். பைக்குள் நீச்சல் உடுப்பு, துவாய், மாற்றுச் சட்டை, அந்த அன்ரியின் முறுக்கில் பாதி.

நகரத்தில் நான் ஒன்றும் அவசரப்படவில்லை. ரயிலடிக்கு வெளியே ஒரு கடையில் ஏலக்காய் போட்ட இனிப்புப் பணிஸ் ஒன்று வாங்கி நடந்துகொண்டே சாப்பிட்டேன். நடந்துகொண்டே சாப்பிட்டால் எங்கள் வீட்டில் ஏச்சு விழும். துறைமுகத்தில் வெள்ளைக் கட்டடம் ஒன்று. அதன் கூரை சரிந்து வந்து கடலுக்குள் இறங்குகிறது, சனம் அதன்மேல் ஏறி நடக்கிறது. நானும் ஏறினேன். முழங்கால் முறுமுறுத்தது. உச்சியில் நின்று பார்த்தேன், கடலில் தீவுகள் தெரிந்தன. எது என் தீவு என்று தெரியவில்லை. ஒன்றாவது என்னுடையதாக இருக்கும் என்று இறங்கிப் படகுத்துறைக்கு நடந்தேன்.

டிக்கெட் இயந்திரம் நோர்வே மொழியில் பேசியது. நான் அதன் பொத்தான்களை மாறி மாறி அமத்திக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு குரல் கேட்டது.

"அக்கா, தமிழோ?"

திரும்பினேன். படகுக் கம்பனியின் சீருடை போட்ட ஒருவர், நாற்பது வயது இருக்கும், டிக்கெட் பார்க்கிற வேலை. அந்த நேரம் நான் ஆங்கிலத்தில் ஏதாவது முணுமுணுத்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஓம் தம்பி என்றேன். தவளை தன் வாயால்தானே கெடும்.

எங்கள் ஆட்களின் கேள்விக்கு ஒரு வரிசை இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து? ஊரில் எவ்விடம்? கோயிலடியா, சந்தியடியா? ஆருடைய மகள்? எங்கே கலியாணம் செய்தது? இந்த வரிசையில் ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்ததுக்குச் சொல்லாமல் இருக்க எங்களால் முடியாது. வாய் தானாகத் திறக்கும். காவல்துறை விசாரித்தால்கூட நான் வழக்கறிஞரைக் கேட்பேன். இந்தக் கேள்விகளுக்கு மட்டும் பச்சைப் பிள்ளை மாதிரி உள்ளது உள்ளபடி சொல்லிவிடுவேன். ஐந்தாவது கேள்வியில் கணவரின் குடும்பத்தைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. மச்சாள் இருக்கிற கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடமாம். அவருடைய மனைவியும் மச்சாளும் வெள்ளிக்கிழமைகளில் ஒரே காரில் கோயிலுக்குப் போகிறவர்களாம். நீங்கள் வந்தது அன்ரிக்குத் தெரியுமா என்று கேட்டவர், நான் பதில் தேடி முடிப்பதற்குள் போனைக் காதில் வைத்துவிட்டார். நல்லெண்ணத்தில்தான் செய்தார். உங்கள் தம்பியின் மனைவி இங்கே படகடியில் நிற்கிறார் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, போனை என் கையில் தந்தார்.

"எங்க நிக்கிறாய்?" என்றார் மச்சாள்.

படகுத்துறையில் என்றேன்.

"பிளைட் பிந்திப்போச்சோ? திடீரெண்டு வெளியில விட்டவங்களோ?"

மச்சாள் மடைச்சி இல்லை. அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியும், நான் நுழைந்து தப்பிப் போக ஒரு பொய்யைத் தானே செய்து என் கையில் தந்தார். ஓம் மச்சாள், இப்பதான் விட்டவங்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அவருடைய மரியாதையும் கெடாது, என்னுடையதும் கெடாது. முக்கால் மணித்தியாலத்தில் அவருடைய கதிரையில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். தலைக்கு மேலே வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லை மச்சாள். ஒன்பது மணித்தியாலம் எண்டு எனக்கு முதலே தெரியும். வேணுமெண்டுதான் உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன்?"

"எனக்குக் கடலில நீந்தவேணும். தனிய."

சீருடைத் தம்பி தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போன் அவருடையது என்பதால் போகவும் முடியவில்லை. அங்கேயே நில், நான் சாப்பாட்டோடு வருகிறேன், முக்கால் மணித்தியாலம் என்றார் மச்சாள்.

அந்த நேரம்தான் படகு வந்து கரையைத் தொட்டது. சனம் ஏறத் தொடங்கியது. எனக்கு யோசிக்க ஒரு நொடிகூட இருக்கவில்லை, யோசிக்கவும் தேவைப்படவில்லை. மச்சாள் வந்தால் சோறு வரும், சோற்றோடு ஒரு போர்வை வரும், இந்த வயசில் இதெல்லாம் ஏன் பிள்ளை என்ற கேள்வி வரும். அவருடைய கண்ணுக்கு முன்னால் அந்தக் கறுப்பு உடுப்பைப் போட எனக்குத் துணிவு வராது. நான் நீந்த மாட்டேன். துவாயைப் போர்த்திக்கொண்டு திரும்பிப் போகிறவளாகத்தான் மறுபடியும் ஆவேன். அது எனக்குச் சத்தியமாகத் தெரிந்தது.

"வராதேங்கோ மச்சாள்" என்றேன்.

வருகிறேன் என்று சொல்கிற ஒருவரை வராதே என்று சொல்வது எங்களில் சண்டைக்காரர்கூட வாயில் எடுக்காத சொல். அதை என்னை மூன்று மாதம் படுக்க வைத்துப் பார்த்த மனிசிக்குச் சொன்னேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

"சரி" என்றார் மச்சாள். போன் நின்றுவிட்டது.

சீருடைத் தம்பி, தெரியாமல் செய்துவிட்டேன் அக்கா என்று தடுமாறினார். அவரில் ஒரு பிழையும் இல்லை என்று சொன்னேன். அவரே இயந்திரத்தில் எனக்கு டிக்கெட் எடுத்துத் தந்து, கடைசி ஆளாக என்னைப் படகில் ஏற்றிவிட்டார்.

தீவில் ஆட்கள் பாறைகளில் அங்கங்கே காய்ந்துகொண்டு கிடந்தார்கள். எல்லாரும் துண்டு துணியோடு கிடக்க, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும் மூடிக்கொண்டு நின்றது நான் ஒருத்திதான். ஒருவரும் தலை தூக்கிப் பார்க்கவில்லை. பாறையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது ஐயோ என்று சத்தமாகவே கத்தினேன். இடுப்புக்கு வந்தபோது இது பைத்தியக்கார வேலை என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் முன்னால் விழுந்தேன்.

தடாகத்துக்குச் சுவர் இருக்கிறது. கையை வீசினால் கடைசியில் ஏதாவது தட்டுப்படும் என்று உடம்புக்குத் தெரியும். இங்கே ஒன்றும் தட்டுப்படவில்லை. கொஞ்சத் தூரத்தில் ஒரு செம்மஞ்சள் மிதவை ஆடிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் போவது என்று பிடிவாதம் பிடித்தேன். மூச்சு அடைத்தது, காதுக்குள் குளிர் குத்தியது, மச்சாள் சொன்ன அந்தச் "சரி"யும் காதுக்குள்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டேன். மிதவையை எட்டிப் பிடித்ததும் அழுகை வந்தது. சந்தோஷமா துக்கமா என்று பிரித்துப் பார்க்கவில்லை. நன்றாக அழுதேன், மிதவையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஐம்பத்தாறு வயதில். அழுது முடித்துவிட்டுத் திரும்பி நீந்தினேன். பிறகு மறுபடி போனேன். அரை மணித்தியாலம் தண்ணீரிலேயே நின்றேன். விரல் நுனியெல்லாம் வெளிறிச் சுருங்கிப்போன பிறகுதான் கரையேறினேன். வெயிலில் நனைந்த தலையோடு இருந்து முறுக்குச் சாப்பிட்டேன். அப்படி ஒரு பசி எனக்கு எந்த உறவுக்காரர் வீட்டிலும் வந்ததில்லை.

பேர்கனில் நான் இறங்குவதற்கு முன்னமே கதை இறங்கிவிட்டது. விமான நிலையத்தில் தங்கை கட்டிப்பிடித்துவிட்டு, என்ன வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறாய் என்றாள். கணவர் மெல்பனிலிருந்து போனில், பிடிபட்டீர்தானே என்று மட்டும் சொன்னார். கலியாண வீட்டுக்கு வந்த அன்ரிமார் ஒவ்வொருவராக என்னிடம் குளிர் பிடிக்கவில்லையா என்று விசாரித்தார்கள். விசாரித்த மாதிரியிலேயே என்ன கேட்கிறார்கள் என்று விளங்கியது. குளிருக்கு நீந்தினால் சூடு வரும் அன்ரி, நீங்களும் ஒரு தரம் பாருங்கோ என்று எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். தங்கை என்னைக் கிள்ளினாள்.

மச்சாள் வந்தார். எல்லாருக்கும் முன்னால் என்னை நலம் விசாரித்தார், ஒரு குறையும் வைக்கவில்லை. அதைவிட ஏசியிருக்கலாம். தாலி கட்டி முடிந்து சனம் சாப்பாட்டுக்கு எழும்பிய நேரத்தில், வரிசையில் என் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மச்சாள் வந்து அதில் இருந்தார். மேடையைப் பார்த்தபடியே பேசினார்.

"தண்ணி குளிரோ?"

"பல்லுக் கிட்டிப்போச்சு மச்சாள்."

நான் அப்போதே சொல்லிவிட்டேன், உங்களிடம் பொய் சொன்னது பிழை, அதற்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் கையில் இருந்த கைக்குட்டையை நாலாக மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

"முப்பத்தொரு வருஷமா அந்த ஊரில இருக்கிறன். அந்தத் தீவுக்கு என்னை ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போனதில்லை."

எனக்கு நெஞ்சு நொந்தது. முப்பத்தொரு வருடமாக அவர் வீட்டுக்கு எத்தனை பேர் வந்திருப்பார்கள், எத்தனை பேருக்குச் சமைத்திருப்பார், எத்தனை பேரை விமான நிலையத்தில் ஏற்றி இறக்கியிருப்பார். நான் அவருடைய கையைப் பிடித்திருக்கலாம். அடுத்த முறை சேர்ந்து போவோம் என்று சொல்லியிருக்கலாம். வேறு யாராவது என்றால் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் சொன்னதில் எனக்கு ஒரு இடம் பொறுக்கவில்லை.

"என்னையும் ஒருத்தரும் கூட்டிக்கொண்டு போகேல்லை மச்சாள். நான் போனனான்."

அவர் அப்போதுதான் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபமா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போனார்.

மல்கிரேவுக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகிறது. இப்போது மெல்பன் கடலிலும் நீந்துகிறேன், யார் கண்டாலும். மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கம்போல போன் எடுக்கிறார். நான் எடுத்தால், தம்பி நிற்கிறானா என்று கேட்கிறார், அவ்வளவுதான். கணவருக்கு அது பொறுக்க முடியாத துக்கம். போன கிழமையும் சாப்பாட்டு மேசையில் என்னைக் கெஞ்சினார். வளர்த்த அக்கா, வயது போன மனிசி, ஒரு சொல் மன்னிப்புக் கேட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

பொய் சொன்னதற்கு அங்கேயே கேட்டுவிட்டேன் என்று ஞாபகப்படுத்தினேன்.

"அவ எதிர்பாக்கிறது அதுக்கில்லை" என்றார். "நீர் வராதேங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் போனதுக்கு."

அது எனக்கும் தெரியும். மச்சாளின் குரல் போனில் ஒவ்வொரு கிழமையும் தள்ளித் தள்ளிப் போவதும் தெரியும், அது எனக்கு வலிக்கவும் வலிக்கிறது. ஆனாலும் அதற்கு மட்டும் நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டேனென்றால் அந்த அரை மணித்தியாலம் நான் யாரிடமோ களவெடுத்ததாகிவிடும். நான் ஒருத்தரிடமும் களவெடுக்கவில்லை. அது என்னுடையது.